மகனை ஒப்படைக்க மலையேறியது

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவள் நான். மலை என்றால் கரும்பலகையில் ஒரு முக்கோணம். அதன் தலையில் வெண்கட்டியைப் படுக்கவைத்து ஒரு இழுப்பு இழுத்தால் பனி. மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு இதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது. எங்கள் ஊரில் ஆக உயரமான ஏற்றம் வாவிப் பாலம்தான்; அதில் சைக்கிளில் ஏறினாலும் யாருக்கும் மூச்சு வாங்காது. மடிப்பு மலை, பனிக்கோடு, கணவாய் என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். நல்ல புள்ளியும் எடுத்தார்கள். ஒரு பிள்ளையாவது, "ரீச்சர், நீங்க மலையப் பாத்திரிக்கிறீங்களா?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்திருப்பேன்.

அப்படிப்பட்ட நான், ஓய்வுபெற்று மூன்றாம் வருடம், ஜோர்ஜியா என்ற நாட்டுக்குப் போய், கோக்கசஸ் மலைக்குள் ஒரு நாள் முழுக்க ஏறினேன். ஊர் பார்க்க அல்ல. மகனை ஒப்படைக்க.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். மட்டக்களப்பில் எங்கள் ஆட்களிடம் வீடு மகளுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். பெண் எங்கேயும் போவதில்லை. என் தாயின் வீடு எனக்கு வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் பழுகாமத்திலிருந்து என் கணவர் ஒரு சூட்கேசும் ஒரு ரேடியோவும் கொண்டு அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகளுக்குக் கலியாணமானபோது வீட்டை அவளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பின்பக்கத்து இரண்டு அறைக்குள் ஒதுங்கினோம். இதில் தியாகம் ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆண்பிள்ளையைப் பெற்றவளுக்கு மட்டும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், இது போகிற பிள்ளை என்று. நானும் அதைக் கேட்டுத்தான் வளர்த்தேன். ஒன்றும் குறைவைக்கவில்லை, ஆனால் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியே வைத்திருந்தேன்.

மகனுக்கு இங்கே மருத்துவம் கிடைக்க உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி கொஞ்சம் போதவில்லை. ஜோர்ஜியாவுக்குப் போய்ப் படித்தான். படிப்பு முடிகிற வருடம் போன் எடுத்து, கூடப் படித்த பிள்ளை ஒன்றை விரும்புகிறேன் என்றான். வேதக்காரப் பிள்ளை என்றான். அது பெரிய விஷயமில்லை, கல்லடியில் அரைவாசி வீட்டில் மாதா படமும் பிள்ளையார் படமும் ஒரே சுவரில் தொங்குகின்றன. என் மகள் கேட்டது ஒரு கேள்விதான்: "அவட வீடு எங்க?" வடக்கே, மலைக்குள், பனிகாலத்தில் ரோட்டு மூடுகிற ஒரு ஊரில் என்றான். மகள் போனை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். தம்பி இனி அந்த மலையில்தான் இருக்கப்போகிறான் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கியது.

"நீங்க ஒருக்கா வந்து அவங்களோட கதைக்கணும் அம்மா," என்றான் மகன். அதுவே தலைகீழ். எங்கள் பக்கம் பெண்வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். கணவரைக் கேட்டேன். பயணம் என்ற சொல்லைக் கேட்டால் அவருடைய முழங்காலில் ஒரு நோ வரும். அது அன்றைக்கும் வந்தது. ஆகவே நான் தனியே வெளிக்கிட்டேன். வழக்கப்படி பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரப்போகிறேன் என்று ஊருக்குச் சொன்னேன். மனதுக்குள் இருந்தது வேறு. அந்தத் தாய் தகப்பனுக்கு என் மகனைப் பிடிக்காமல் போகவேண்டும், கறுப்பு என்றோ கடல்கரைப் பொடியன் என்றோ ஏதாவது சொல்லி வேண்டாம் என்றுவிடவேண்டும், நான் கோபித்துக்கொண்டு அவனைக் கையோடு கூட்டிவந்துவிடவேண்டும். விமானத்தில் இதைத்தான் நேர்த்தி வைத்துக்கொண்டு போனேன்.

தலைநகரிலிருந்து விடியக் காலமை ஒரு வாடகை ஜீப்பில் வெளிக்கிட்டோம். மத்தியானம் வரை ரோட்டு ரோட்டாகத்தான் இருந்தது. பிறகு பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவில் மிச்சமிருந்த இடத்தை ரோட்டு என்று சொன்னார்கள். ஒவ்வொரு தேவாலயத்தைக் கண்டதும் சாரதி மூன்றுதரம் சிலுவை போட்டுக்கொள்வார். அதற்கு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவேண்டும். அந்த நாட்டில் தேவாலயங்களைக் கட்டியிருப்பது மிகச் சரியாக வளைவுகளில்.

"மனே, ரோட்டப் பாத்துக் கும்பிடச் சொல்லு," என்றேன்.

மகன் சொல்லவில்லை. எதிரே வந்தவை மூன்று லொறியும் ஏராளமான மாடுகளும்தான். மாடுகள் நடுரோட்டில் படுத்து அசைபோட்ட விதம் மட்டும் எனக்கு ஊர் மாதிரி இருந்தது. வெளிநாட்டவர்கள் இந்தப் பக்கம் வருவார்களா என்று கேட்கச் சொன்னேன். போன வருடம் ஒருவர் வந்தார், அவரும் வழி தவறி வந்தவர் என்றார் சாரதி.

பனிக்கோட்டை அன்றுதான் கண்ணால் கண்டேன். புத்தகத்தில் அது நேர்கோடு. அங்கே அது ஒரு பக்கம் இறங்கி, ஒரு பக்கம் ஏறி, நடுவில் பிய்ந்து கிடந்தது. நேர்கோடாகக் கீறாத பிள்ளைகளுக்கு முப்பத்தொரு வருடம் புள்ளி குறைத்தவள் நான். அவர்களில் சிலர் இப்போது பேரப்பிள்ளையும் கண்டிருப்பார்கள். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கவா முடியும்?

பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். கீழே கல்லால் கட்டிய மாட்டுப்பட்டி, மேலே பலகையால் கட்டிய வீடு. பெண் படியால் ஓடி இறங்கி வந்தாள். சிவந்த கன்னமும் நல்ல தேகக்கட்டுமான பிள்ளை. என் சூட்கேசை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஏறினாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தகப்பன் என்னைக் கட்டிப்பிடித்தார். முப்பத்தைந்து வருடக் குடும்பவாழ்க்கையில் என் கணவர் பொது இடத்தில் செய்யாத காரியம் அது. தாய் என் வயதுதான். தலையில் ஒரு கறுப்புத் துணி, கையில் மாவு. என்னைக் கண்டதும் கையைத் துடைத்து நெஞ்சில் வைத்தார்.

முதல் வேலையாக அந்தத் தாய் என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவரோடு சுவராக முகடு முட்ட அடுக்கியிருந்தது கம்பளி மெத்தையும் போர்வையும். தன் ஆட்டின் மயிரைத் தானே கழுவி, அடித்து, தானே தைத்தது. மகள் பிறந்த வருடமே தொடங்கினாராம்; பெண்தான் அதை இங்கிலீஷில் சொன்னாள். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப்பார்த்தேன். மனம் குளிர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வருகிற வீட்டை இப்படித்தான் ஆயத்தப்படுத்த வேண்டும். என் மகன் இங்கே குளிரால் சாகமாட்டான் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு என் நேர்த்தியும் தோற்றுப்போனது. இவர்கள் அவனை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

பிறகு மேசை. வீட்டாரோடு அயலவர்களும் வந்து இருந்தார்கள். அந்த நாட்டில் சும்மா குடிக்கமுடியாது. ஒவ்வொரு கோப்பை வைனுக்கும் ஒருவர் எழுந்து பேசவேண்டும். தகப்பன் பேசினார். எங்கள் வாவிப் பாலத்தை ஒரு ஆள் நடந்து கடக்கிற நேரம் எடுக்கும் அவருடைய ஒரு பேச்சு. பெண் அதை இரண்டு வசனமாக இங்கிலீஷில் சொல்வாள். என் மகன் அதையும் சுருக்கி, "சமாதானத்துக்காம் அம்மா," என்பான். செத்தவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று. நான் ஒவ்வொரு தரமும் உதட்டை நனைத்துவிட்டு வைத்தேன். கடைசியில் தாய்மாருக்கு என்று ஒன்று வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்தேன். விமானத்திலேயே இங்கிலீஷில் பாடமாக்கிவைத்த பேச்சு அது. "இன்றிலிருந்து இவன் உங்கள் வீட்டுப் பிள்ளை," என்றேன். "நாங்கள் இனி விருந்துக்கு வருகிறவர்கள் மட்டும்தான். இவன் கோபம் வந்தால் கதைக்கமாட்டான். இரண்டு நாள் விட்டுவிட்டால் தானாகச் சரியாகிவிடுவான். மீன் இல்லாமல் சோறு இறங்காது, இங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. இவனை நல்லபடி வைத்துக்கொள்ளுங்கள்." கடைசி வசனத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது. அது ஒத்திகையில் இல்லாதது.

பெண் மொழிபெயர்க்கவில்லை. என் மகனைப் பார்த்தாள். அவன் கோப்பைக்குள் பார்த்தான். தகப்பன் இரண்டுதரம் கேட்டபிறகு அவள் மெல்லச் சொன்னாள். கோப்பைகள் எல்லாம் மேசைக்கு இறங்கின. மேசையின் கடைசித் தொங்கலில் இருந்து எல்லாருக்கும் வைன் வார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் மட்டும் குடுவையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். தகப்பன் எழுந்து வந்து என் மகனின் தோளில் கைவைத்து, பெண்ணிடம் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"நான் என்ன குற்றம் செஞ்சனான் எண்டு கேக்கிறார்," என்றான் மகன். "ஏன் மகன வீட்ட விட்டுத் துரத்துறீங்களாம்."

மற்ற நாள் காலையில் பெண் என்னை மாமரம் இல்லாத அந்தத் தோட்டத்தில் ஒரு ஆப்பிள் மரத்தடிக்குக் கூட்டிப்போய் முழுக்கச் சொன்னாள். அங்கே மகள்தான் போகிற பிள்ளை. வீடு மகனுக்கு. அறை முட்ட அடுக்கியிருந்த மெத்தையெல்லாம் என்னோடு கல்லடிக்கு வர ஆயத்தமாக இருந்தவை. பெண்வீட்டில் போய் இருக்கும் மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு பெயர் உண்டு, அதைச் சொல்லும்போதே சிரிப்பார்கள். தொங்கலில் இருந்து வைன் வார்த்த கிழவர் அப்படி வந்தவர்தான். நாற்பது வருடமாகிறது, இன்னும் அவரைப் பேச எழுப்பமாட்டார்கள். எனக்கு என் கணவரின் ஞாபகம் வந்தது. அவரும் பெண்வீட்டுக்கு வந்தவர்தான்; அவருடைய கதிரையில் பூனைகூட ஏறாது.

ஆக, நான் என் பிள்ளையைக் கொடுக்க மலையேறியிருக்கிறேன். அவர்கள் தங்கள் பிள்ளையைக் கொடுக்க இருபத்தாறு வருடமாக மெத்தை தைத்திருக்கிறார்கள். எடுக்கத்தான் ஆள் இல்லை. இதை இரண்டு பக்கத்துக்கும் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டிய ஒருவன் இருந்தான். அவனைக் கேட்டேன்.

"சொன்னா ரெண்டு பேரும் வேணாம் எண்டிருப்பீங்க," என்றான். "எனக்கு எங்க எண்டாலும் சரிதான் அம்மா. நீங்களே கதைச்சு முடிங்க."

மருத்துவம் படித்த பிள்ளை. சத்திரசிகிச்சையை இரண்டு தாய்மாரிடம் விட்டுவிட்டு வெளியே நின்றான்.

எனக்குச் சந்தோசம். அதை மறைத்துப் பயனில்லை. வெட்கம் கெட்ட சந்தோசம். பிறந்த நாளிலிருந்து இவன் உனக்கில்லை என்று சொல்லப்பட்ட பிள்ளையை, அந்நிய நாட்டுச் சனம், எடுத்துக்கொண்டு போ, கூட ஒரு பிள்ளையும் தருகிறோம் என்கிறது. தேவாலயம் இருக்கிற மேட்டில் மட்டும்தான் போன் எடுபடும். ஏறிப்போய் மகளுக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"என்னம்மா கதைக்கிறீங்க? தம்பிர பொஞ்சாதி என்ட வீட்டில வந்து இரிக்கிறதா? சனம் சிரிக்கும்."

"உன்ட வீட்டில இல்லடி. கிட்ட ஒரு வீடு எடுத்துக் குடுப்பம்."

"அப்ப அந்தப் புள்ளைக்குத் தாய்வீடு இல்லையா? அது என்ன வாழ்க்கை அம்மா?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. எடுபடவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். அதே மேட்டில், கீழே மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தேன். உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று அவளைக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

பின்னேரம் தாய் பால் கறக்கும்போது என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாட்டுப்பட்டியில் எனக்கு ஒரு முக்காலி போட்டிருந்தது. பெண் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள், இந்தத் தரம் சுருக்காமல்.

"உங்கள் ஊரில் எந்தத் தாயும் மகளை அனுப்புவதில்லையாமே, உண்மையா?"

"உண்மை."

"மகளுக்குப் பிள்ளை பிறக்கும்போது?"

"தாய் பக்கத்தில் இருப்பாள். அதே வீட்டில்."

அவர் கறந்துகொண்டே, தன் தாய்வீடு அந்தக் கணவாய்க்கு அந்தப் பக்கம் என்று தலையால் காட்டினார். கலியாணமாகி வந்தபிறகு தாயைக் கண்டது நான்குதரம், அதில் ஒருதரம் சவப்பெட்டியில். பிறகு கேட்டார்: "உங்கள் தாய், உங்கள் தாயின் தாய், யார் வீட்டுக்கும் மருமகள் வந்து இருந்ததில்லை. அப்படியென்றால் வருகிற பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வதென்று உங்களுக்கு யார் காட்டித்தந்தது?"

படிப்பித்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை தெரியாமல் விடை சொன்னவள் நான். குரலை நிமிர்த்திக்கொண்டு, "என் மகளைப்போல வைத்துக்கொள்வேன்," என்றேன். அந்த நேரத்தில் அதை நம்பித்தான் சொன்னேன். பெண் மொழிபெயர்க்கும்போது தாயைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்தாள். தாய் கறந்த பாலை என் கையில் தந்தார். நான் குடித்தேன். விஷயம் அதோடு முடிந்தது.

பெண்ணையும் கூட்டிக்கொண்டு நாங்கள் வெளிக்கிட்ட அன்று படலையில் நின்று பெண்கள் பாட்டாக அழுதார்கள். வழக்கமாம். தாய் மட்டும் பாடவில்லை, ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊர்க் கலியாணத்தில் மாப்பிள்ளையின் தாய் இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவாள். பிறகு பந்தியில் போய் இருப்பாள். மகளைக் கொடுக்கிறவளின் முகம் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை கண்டதில்லை. கண்டபிறகும், "பரவாயில்லை, பிள்ளை இங்கேயே இருக்கட்டும்," என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவைச் சாத்தச் சொன்னேன்.

இப்போது பதினாறு மாதம். எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மகன் இங்கத்தைப் பரீட்சை எழுதி ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டான். அவளுடைய பத்திரங்கள் கொழும்பில் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. அதுவரை, தானும் டாக்குத்தரான பிள்ளை, வீட்டில் துணி மடிக்கிறாள். என் மகள் அவளோடு மரியாதையாக நடக்கிறாள், வந்த விருந்தாளியோடு நடப்பதைப்போல. அயலில் உள்ளவர்கள், "பாவம், தாய்வீடு இல்லாத புள்ள," என்று அவளுக்குக் கேட்கத்தக்கதாகவே சொல்கிறார்கள். அவளுக்கு இப்போது தமிழ் விளங்கும். நான் நாள்தோறும் மீன்கறி கொண்டுபோகிறேன். சாப்பிடுகிறேன் என்கிறாள். கலியாணத்துக்குத் தைத்த அவளுடைய சட்டை எல்லாவற்றையும் இரண்டுதரம் ஒடுக்கித் தைத்தாயிற்று. எனக்குக் குறையில்லை; மகன் வேலைக்குப் போகிற வழியில் என் வீட்டில் நின்று தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறான். எங்கள் ஊரில் எந்த ஆண்பிள்ளையின் தாய்க்கும் கிடைக்காத காலை அது. ஒரு நாளும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

போன கிழமை ஒரு மத்தியானம் கறிச்சட்டியோடு போனேன். பின்வாசல் படியில் இருந்து வீடியோவில் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவசரமாக முகத்தைத் துடைத்தாள். தாய் திரையில் என்னைக் கண்டுவிட்டு ஏதோ கேட்டார். அவள் என் கையிலிருந்த கறிச்சட்டியை வாங்கி வைத்தாள். தாய் திரும்பவும் கேட்டார்.

"அம்மா கேக்கிறா மாமி," என்றாள். "நான் உண்மையா நல்லா இரிக்கனா எண்டு. நான் சொன்னா நம்புறா இல்ல. நீங்க சொன்னா நம்புவாவாம்."

போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். உண்மையைச் சொன்னால் அந்தத் தாய் நாளைக்கே மகளைக் கூப்பிட்டுக்கொள்வார். அவள் போனால் அவனும் பின்னால் போவான்.

"நல்லா இரிக்கா," என்றேன்.

அவள் அதைத் தன் பாஷையில் தாய்க்குச் சொன்னாள். தாய் நெஞ்சில் கைவைத்து எனக்கு நன்றி சொன்னார்.